துணைக்கோழி

துரைசாமி அண்ணாச்சிக்கு முடி வெட்டிக்கொள்ளக்கூடத் தனியாகப் போகத் தெரியாது. கட்கி பஜாரில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தால், பக்கத்துப் பெஞ்சில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். கத்தரி ஓடுகிற நேரம் முழுக்க அந்த ஆளிடம் பேசிக்கொண்டே இருப்பார். முடி வெட்டுகிறவன் பாவம், அவர் தலை ஆடுகிற பக்கமெல்லாம் தானும் ஆடுவான். அந்தப் பெஞ்சில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை நான் தொலைத்திருக்கிறேன்.

எனக்குக் கூட்டம் ஆகாது. வேலை மாறிப் புனேக்கு வந்ததே, தெரிந்த முகம் இல்லாத ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான். தொண்ணூற்றாறாம் வருஷம் போபோடியில் அவர் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே, நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவனை மாடிப்படிக்குக் கீழிருந்து ஒரு பெரிய குரல் எழுப்பியது.

"என்னவே, முழிச்சாச்சா? செருப்பப் போடும்."

எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"வழியில சொல்லுதேன், வாரும்வே."

என் நிம்மதி அன்றோடு முடிந்தது.

செருப்பைப் போடச் சொல்வதுதான் அவருடைய அழைப்பு. எனக்குத் தமிழில், எதிர்வீட்டு முகமது ரஃபீக்குக்கு இந்தியில், பக்கத்து வீட்டு ராஜஸ்ரீயின் புருஷனுக்கு மராத்தியில். மூன்று மொழியிலும் அதே வார்த்தைதான், அதே அதட்டல்தான். தபால் ஆபீஸுக்கு, கேம்ப் ஏரியாவில் பேன்ட் தைக்கக் கொடுக்க, யாரென்றே தெரியாத ஒருவரின் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க, ஆடி மழையில் முளா ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்க. பாதி வழி போன பிறகுதான் விஷயம் தெரியும். அப்போது திரும்பி வர முடியாது, ஏனென்றால் அதற்குள் அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

என்னைப் போலவே தெற்கத்தி, நாங்குநேரிப் பக்கத்து ஆள். மீசை முளைக்கிற வயதில் கப்பற்படையில் சேர்ந்து, கப்பலின் அடிவயிற்றில், பாய்லர் ரூமில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோக்கராக வெந்து கிடந்தவர். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. அதனால்தான் சந்துக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசுவார். ஏன் அண்ணாச்சி, ஒரு இடத்துக்காவது தனியாகப் போனால் என்ன என்று ஒரு நாள் எரிச்சலோடு கேட்டுவிட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பாய்லர் ரூமுக்கு ரெண்டு பேராத்தான் எறங்கணும்வே. ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் மேல வந்து சொல்லணும்லா. தனியா எறங்குனவன் ஒருத்தன் இருந்தான். மலையாளத்துப் பய. அவன் கதைய இன்னொரு நாள் சொல்லுதேன்."

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. எல்லாக் கதையையும் பத்துத் தடவை சொல்கிற மனிதர், அந்தக் கதையை மட்டும் சொல்லவில்லை.

கப்பலை விட்டு இறங்கி, கட்கியில் வெடிமருந்து ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, போபோடியில் இந்தச் சின்ன வீட்டைக் கட்டினார். ஒரே மகள் கிரிஜா. அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். சட்டைக்குக் கப்பற்படை இஸ்திரி போட்டு, சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். கிரிஜாவுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை விச்சுவோடு பிம்ப்ரிக்குப் போன பிறகும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி அங்கே போய் நிற்பார். கூட ஒரு ஆள் இருக்கும். அந்த ஆளுக்கும் சேர்த்துக் கிரிஜா இட்லி ஊற்றுவாள்.

இத்தனைக்கும் சோறு பொங்கியது பவுன் மதினி. ஊர் முறையில் அண்ணாச்சியின் மனைவி எனக்கு மதினி. ரயிலில் பார்த்தவர், பேங்கில் பேனா இரவல் கேட்டவர், ஔந்துப் பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து பருப்பும் சப்பாத்தியுமாக நாக்குச் செத்துப்போன கோயம்புத்தூர்ப் பையன்கள் என்று யாராவது அந்தக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மதினி பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அடுப்பு பேசும், தாளிக்கிற சட்டி பேசும். வெளியே கிளம்பும்போதெல்லாம் அண்ணாச்சி உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுப்பார்.

"பவுனு, நீயும் வாயேன். செருப்பப் போடு."

"அடுப்புல சோறு இருக்கு. நீங்க போயிட்டு வாங்க."

இந்த இரண்டு வரியும் தினம் உண்டு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அவர் பதிலுக்குக் காத்திராமல் தெருவில் இறங்கிவிடுவார். அவளும் கரண்டியைக் கீழே வைக்காமலேயே பதில் சொல்வாள்.

கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்து முனையில் ரஃபீக்கின் கோழிக்கடை. கடையில் கம்பிக் கூண்டுக்குள் வெள்ளை பிராய்லர்கள். அவை நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடும். ஆனால் வீட்டில் அவன் ஒரு நாட்டுக்கோழி வளர்த்தான். செம்பட்டை நிறம், முரட்டுக் குணம், சந்து முழுக்க அதன் ராஜ்யம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணாச்சி டீயும் பாவு ரொட்டியுமாக வாசற்படியில் உட்கார்ந்தால் அது நேராக வந்து நிற்கும். இவர் எழுந்து நின்று ஒரு சல்யூட் வைப்பார். "கமாண்டர் வந்தாச்சு" என்பார். பிறகு இரண்டு பேரும் பாவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மழையானாலும் இது தப்பாது. நான் மாடியிலிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்றில், மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை அண்ணாச்சி போனார்.

கிரிஜா ஏழு மாதக் கர்ப்பம். முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிருந்ததால், இந்தத் தடவை வளைகாப்பு முடிந்ததுமே தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அன்று காலையில் அவள் சுர்மை, நம்மூர் வஞ்சிர மீன், குழம்பு வேண்டும் என்றிருக்கிறாள். அண்ணாச்சி ஆள் தேடினார். நான் சாகண் ஃபேக்டரியில் ஷிப்டில் இருந்தேன். ரஃபீக் கடையில் கூட்டம். ராஜஸ்ரீயின் புருஷன் பண்டரிபுரத்துக்கு நடந்து போகிற கூட்டத்தோடு போயிருந்தார். கடைசியில் உள்ளே பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். வழக்கமான பதில்தான் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் அவர் தனியாகப் போனார். மீனோடு திரும்பி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு செருப்பைக் கழற்றியிருக்கிறார். மற்றதைக் கழற்றவில்லை. மதினி மீனை வாங்க வந்தபோது பை சரிந்து கிடந்தது, அவரும் சரிந்து கிடந்தார்.

நான் வந்து சேர்ந்தபோது சந்தே வாசலில் நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தாபோடியிலிருந்து அவருடைய அக்கா பாலாம்பாள் வந்திருந்தாள். ஒல்லி உடம்பு, உறுதியான குரல். அழுதுகொண்டே எல்லாக் காரியத்தையும் அவள்தான் நடத்தினாள். கர்ப்பிணி பிணத்தின் முகம் பார்க்கக் கூடாது என்று கிரிஜாவை ராஜஸ்ரீயின் வீட்டுக்கு அனுப்பியதும் அவள்தான். என்னைத் தனியே கூப்பிட்டு, இன்று சனிக்கிழமை, கோழி ஒன்று வேண்டும் என்றாள்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். சனிக்கிழமை இறந்தவர் கூட ஒரு உயிரைத் தேடுவார் என்று நம்பிக்கை. பாடையில் உயிர்க்கோழி ஒன்றைக் கட்டி அனுப்புவார்கள். அது துணைக்குப் போய்விட்டால் வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பயமில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த மனிதரை நினைத்தபோது, வழக்கமே அவருக்காக ஏற்பட்டது போல இருந்தது. பேசாமல் ரஃபீக்கிடம் போனேன்.

கூண்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தா என்றேன். எதற்கு என்று கேட்டான். அண்ணாச்சியை அவன் கூப்பிடுகிற மாதிரியே, காகாவுக்குத் துணைக்கு என்று இந்தியில் எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். அவன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுக் கூண்டைத் திரும்பிப் பார்த்தான். காகாவோடு போவதற்கு இந்த வெள்ளைக் கழுதையா, இவற்றுக்கு நடக்கவே தெரியாதே என்றான். வீட்டுக்குப் போய்க் கமாண்டரைப் பிடித்து வந்தான். அதன் காலில் பாலாம்பாள் கொடுத்த மஞ்சள் நூலைக் கட்டியதும் அவன்தான். கட்டும்போது அழுதான்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. வழக்கம் தெரிந்த பாலாம்பாள் பெண் என்பதால் வீட்டோடு நின்றுவிட்டாள். ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போன எங்களில் ஒருவருக்கும், அங்கே போன பிறகு கோழியை என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. விச்சு மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவன், அவனுக்கு நெருப்பு வைக்கவே ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. விறகு அடுக்குகிற மராத்திக்காரர் எங்களைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், விறகை அடுக்கப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்க, ரஃபீக் மட்டும் நனைந்துகொண்டே நூலை அவிழ்த்தான். "ஜா, காகா கே சாத் ஜா", போ, காகாவோடு போ என்று கோழியைத் தரையில் விட்டான். அது சிறகை உதறிக்கொண்டு புகைக்குள் போனது. போய்விட்டது என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் பால் ஊற்றிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ஐந்து மணி. வாசலில் கொக்கரிப்புக் கேட்டது. வாசற்படிக்கு முன்னால், காலில் மஞ்சள் நூல் நுனியோடு, சேறும் சாம்பலுமாகக் கமாண்டர் நின்றது. அண்ணாச்சி உட்காருகிற இடத்தை அண்ணாந்து பார்த்தது. கூண்டுக்கோழியாக இருந்தால் ஆற்றங்கரையிலேயே நாய்க்கு இரையாகியிருக்கும். பிரியத்துக்காக ரஃபீக் கொடுத்த கோழிக்கு வழி தெரிந்திருந்தது.

பாலாம்பாள் எழுந்து நின்றாள்.

"திரும்பி வந்துட்டே. அப்ப எந்தம்பி தனியாவா போறான்?"

அதற்குப் பிறகு அவள் பார்த்தது கிரிஜாவின் வயிற்றை. கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். கிரிஜா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். மதினி மட்டும் யாரையும் பார்க்காமல் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீடு மாறியது. கோழி தினமும் வந்தது, அதே ஐந்து மணிக்கு. அதைத் திரும்பக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் வைத்து அறுத்துவிடச் சொல்லி, பாலாம்பாள் தாபோடியிலிருந்து நாளுக்கொரு தடவை வந்து நச்சரித்தாள். ரஃபீக்கிடம் நான் போய்ச் சொன்னேன். நாள் முழுக்கக் கோழி அறுக்கிறவன், முடியாது என்றான். அது என் கோழி இல்லை, காகாவுக்குக் கொடுத்துவிட்டேன், அவருடைய பொருளில் நான் எப்படிக் கத்தி வைப்பேன் என்றான். நானே பிடித்துவிடலாம் என்று ஒரு நாள் துரத்தினேன். சந்து முழுக்க ஓடவிட்டு, கடைசியில் சாக்கடையில் என்னை வழுக்கி விழ வைத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அண்ணாச்சி இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிச் சிரித்திருப்பார் என்று நினைத்தேன்.

பயமில்லாதவன் என்று நானும் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு மத்தியானம் நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருந்தேன். மாடிப்படிக்குக் கீழே குரல் கேட்டது. 'என்னவே' என்று ஒரே ஒரு வார்த்தை. எழுந்தேன், செருப்பைப் போட்டேன், பாதிப்படி இறங்கிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. கீழே யாரும் இல்லை. வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் வெகுநேரம் அந்தப் படியில் நின்றேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மதினி அடுக்களை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு நிற்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

அதற்கு மறுநாளிலிருந்துதான் ஒன்றைக் கவனித்தேன். சாயங்காலமானால் மதினி வாசற்படியில், அண்ணாச்சியின் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்படித் தெருவைப் பார்க்க உட்கார்ந்ததை யாரும் கண்டதில்லை. வெளுத்த சேலையைக் கொசுவி நன்றாகக் கட்டியிருந்தாள். காலில் செருப்பு. வீட்டுக்குள் இருக்கிறவள் செருப்போடு உட்கார்ந்திருக்கிறாளே என்று, எங்கே மதினி கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்றாள். கோழி வந்து நின்றது. அவள் அதற்குப் பாவைப் பிய்த்துப் போட்டாள். இருட்டினதும் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் அப்படியே. ராஜஸ்ரீ என்னிடம் வந்து, வஹினிக்கு, அதாவது மதினிக்கு, மனம் சரியில்லை, டாக்டரிடம் காட்டலாமா என்றாள். துக்கம், போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் பெரிய மனிதன் போலப் பேசி அனுப்பினேன்.

கிரிஜா நாளுக்கு நாள் வெளுத்தாள். பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டே இருப்பாள். அப்பா கனவில் வந்து வாசலில் நிற்கிறார், உள்ளே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார் என்று ராஜஸ்ரீயிடம் மராத்தியில் சொல்லியிருக்கிறாள். தாயிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடமாடினார்கள்.

எட்டாம் மாதம் முடியாத ஒரு நாள், காலையிலிருந்தே மழை. கிரிஜாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று எந்த ஊரில் யார் சொல்லி வைத்தார்களோ, அதைச் சொல்லாத வாய் அன்று சந்தில் இல்லை. ஆட்டோ பிடித்துக் கேம்ப்பில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விச்சுவும் ராஜஸ்ரீயும் ஏறினார்கள். மதினி ஏறவில்லை. பின்னால் வருகிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டாள்.

ஷிப்ட் முடிந்து நான் வந்தபோது மணி நாலு. ரஃபீக் கடையிலிருந்து ஓடி வந்தான். அவன் மொபைலுக்கு ராஜஸ்ரீ மூன்று தடவை பேசிவிட்டாளாம். கிரிஜா அம்மாவைக் கேட்டுக் கத்துகிறாள், வஹினியைக் கூட்டி வாருங்கள் என்று. இவன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்ச் சொல்லியும் காகி அசையவில்லை என்றான்.

மதினி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கூரைத் தண்ணீர் அவள் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. சேலைக் கரை நனைந்திருந்தது, செருப்பும் நனைந்திருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மதினி, பெத்த பிள்ள அங்க கெடந்து அம்மா அம்மாங்கா. நீங்க இங்கன உக்காந்து என்ன செய்யுதீய? கெளம்புங்க, ஆட்டோ நிக்கி."

"நான் வரல தம்பி."

"ஏன்?"

"நான் அங்க வந்துட்டா இங்கன யாரு இருக்கா? அஞ்சு மணிக்கு அவிய வருவாவ. வீட்டுல ஆளு இல்லன்னா சும்மா திரும்பிப் போற ஆளா அவிய? எங்க ஆளு இருக்கோ அங்க தேடிப் போவாவ. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருவாவ."

ஆட்டோவைக் காட்ட நீட்டிய கையை நான் இறக்கிக்கொண்டேன். ரஃபீக்குக்குத் தமிழ் புரியாது. ஆனால் அவனும் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டு நின்றான். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து கூப்பிட்டாவ தம்பி. பவுனு வா, செருப்பப் போடும்பாவ. சினிமாக்கு, கடலப் பாக்க, ஒண்ணுமில்லன்னா ஸ்டேசன்ல போயி ரயிலப் பாக்க. ஒருநாள் போனதில்ல. அடுப்புல சோறு இருக்கும்பேன். சோறு இருக்கத்தான் செஞ்சுது. யாருக்கு? அவிய கூட்டிட்டு வாற ஆளுவளுக்கு. எனக்குக் கோவம். ஊரையே கூட்டிட்டு அலையுத மனுசன் கடைசியாத்தான என்னயக் கூப்பிடுதாருன்னு கோவம். அதான் போகல."

தண்ணீர் விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கும் கூப்பிட்டாவ. மீன் வாங்கத்தான, தெருமுனை வரைக்கும் வாயேன்னாவ. நான் போயிருந்தா தனியாப் போயிருக்க மாட்டாவ. இப்ப துணை தேடுதாவ. பிறக்காத பிள்ளைய எதுக்குத் தேடணும்? நான் இருக்கேன்லா. இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல. செருப்பு போட்டுட்டுத்தான் இருக்கேன். கூப்பிட்ட உடனே எந்திச்சிப் போயிருவேன்."

இத்தனை நாளும் அவள் உட்கார்ந்திருந்தது துக்கத்தில் இல்லை. புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்திருக்கிறாள். மகளுக்கும் அந்த மனிதருக்கும் நடுவில், வாசலை அடைத்துக்கொண்டு. நான் போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அண்ணாச்சியின் இடத்தில் உட்காரவும் பயமாக இருந்தது. சுவரோரமாகச் சாய்ந்து நின்றேன். ரஃபீக் எதிர்ப்பக்கம் அவன் வீட்டு வாசலில் மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஐந்து மணி ஆயிற்று. மதினி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்தாள். மடியில் வைத்திருந்த பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். மழை இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. நானும் சந்து முனையையே பார்த்தேன். யார் வரப்போகிறார் என்று பார்த்தேனோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

யாரும் வரவில்லை. கோழியும் வரவில்லை.

அத்தனை மழையிலும் ஒரு நாள் தவறாத கோழி. ரஃபீக் அவன் வீட்டுக்குப் பின்னால் போய்த் தேடினான். தகரங்களுக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், எங்கள் மாடிப்படிக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தான். மத்தியானம் கடை வாசலில் பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை என்றான். அவன் கையில் மொபைல் அடித்தது. கேட்டுக்கொண்டிருந்தவன், சேற்றில் கால் வைத்துச் சந்தைக் கடந்து ஓடி வந்தான். பெண் குழந்தை, எடை குறைச்சல், ஆனால் நன்றாக அழுகிறது, கிரிஜாவும் சௌக்கியம் என்றான்.

மதினிக்கு அதை நான் தமிழில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கையிலிருந்த பாவைப் பார்த்தாள். வெறும் சந்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினாள், மற்றதையும் கழற்றினாள். இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தாள்.

"கோழியக் கூட்டிட்டுப் போயிட்டாவ" என்றாள்.

அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னயக் கூப்பிடல தம்பி."

அண்ணாச்சி இறந்த பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பாவைக் கீழே போட்டுவிட்டு, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, சந்துக்கே கேட்கும்படி அழுதாள். பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. யாரும் கிட்டே வரவில்லை. அழட்டும் என்று நாங்களும் நின்றோம்.

மழை கொஞ்சம் விட்டது. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். நான் படி இறங்கி முன்னால் போய் நின்று அவளைக் கூப்பிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. ஏழு வருஷம் கேட்டுக் கேட்டு நாக்கில் ஏறிக் கிடந்தது, தானாக வந்துவிட்டது.

"வாங்க மதினி, பேத்தியப் பாத்துட்டு வருவோம். செருப்பப் போடுங்க."

அழுகை நின்றது. அவள் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், ஆட்டோவுக்கும் எனக்கும் நடுவில் இருந்த வெற்று இடத்தைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நனைந்த செருப்பில் காலை நுழைத்தாள்.

"அடுப்புல சோறு இல்ல" என்றாள். "இந்தா வாரேன்."

எனக்குச் சொன்ன பதில் இல்லை அது. நான் திரும்பிப் பார்க்காமல் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.